அப்பாச்சி என்றால் பைக்கா, ஹெலிகாப்டரா, சர்வரா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தம்பி ஓட்டுறது அப்பாச்சி பைக், செய்தியில் வர்ற ராணுவ ஹெலிகாப்டரும் அப்பாச்சி, ஆபீஸ்ல வெப்சைட் ஓடுற சர்வரும் அப்பாச்சி. எல்லாம் ஒரே கம்பெனியோடதா? இல்லைன்னா ஏன் எல்லாத்துக்கும் இதே பேர்? இதை எப்படி உச்சரிக்கணும்?"

ஒரே கம்பெனி இல்லை. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பைசா கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் பெயர் மட்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது, அந்த ஊற்று இன்னும் உயிரோடு இருக்கிற மனிதர்கள். அங்கே போவதற்கு முன்னால் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். ஈழத் தமிழர் வீடுகளில் அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி, அப்பா கூட்டல் ஆச்சி. அது நம் சொந்தச் சொல், இந்தக் கதையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் சங்கடமானது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் புதிதாக, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழுவில் சேர்ந்த வாரம், "ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாச்சி விழுந்துடுச்சு, எழுப்பி விட்டுட்டேன், இப்ப ஓடுது" என்று மெசேஜ் போட்டேன். காலையில் அவர் மிகுந்த அக்கறையோடு, "அவவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். அமெரிக்காவின் தென்மேற்கில், இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் வடக்குப் பகுதி, இங்கெல்லாம் வாழ்ந்த பூர்வகுடிகளைத்தான் அப்பாச்சி என்கிறார்கள். இது ஒரு குலம் இல்லை. சிரிகாவா, மெஸ்கலேரோ, ஹிகாரியா, லிப்பான், மேற்கு அப்பாச்சி, சமவெளி அப்பாச்சி என்று தனித்தனிக் கூட்டங்கள், தனித்தனித் தலைவர்கள், ஒருவர் போட்ட ஒப்பந்தம் இன்னொருவரைக் கட்டாது. அமெரிக்க அதிகாரிகளுக்குக் கடைசி வரை புரியாத விஷயம் இதுதான். அவர்கள் பேசுவது அதபாஸ்கன் மொழிக் குடும்பம். அதன் மற்ற உறவுகள் பெரும்பாலும் அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் இருக்கின்றன, அதாவது பனிப் பிரதேசத்திலிருந்து பாலை வரை கால்நடையாக இறங்கி வந்தவர்கள். நவஹோ மக்கள் இவர்களுக்குப் பங்காளி முறை.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இவர்கள் தங்களை அப்பாச்சி என்று அழைத்துக்கொண்டவர்கள் இல்லை. தங்கள் மொழியில் இவர்கள் 'ந்தே', 'இந்தே' என்பார்கள், 'மக்கள்' என்பதுதான் பொருள். அப்பாச்சி என்ற சொல்லுக்குப் பெரும்பாலான அறிஞர்கள் காட்டும் மூலம் பக்கத்து ஊர்க்காரர்களான ஜூனி மக்களின் மொழி. 'அபாச்சு' என்று அவர்கள் சொன்னது நவஹோக்களை. அந்தச் சொல்லை 'எதிரி' என்று பெயர்ப்பதுதான் வழக்கம். யாவபாய் மொழியிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். 1598இல் ஹுவான் தெ ஓன்யாத்தே தலைமையில் வந்த ஸ்பானியர்கள் அதைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து ஆங்கிலத்துக்கு வந்தது, பிறகு எதிர்த்துச் சண்டை போட்ட எல்லாக் கூட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரன் உங்களைத் திட்டும் வார்த்தை உங்கள் ரேஷன் கார்டில் பெயராக ஏறினால் எப்படி இருக்கும், அந்தக் கதை.

உலகம் முழுக்க இந்தப் பெயர் பரவக் காரணமான ஆள் ஜெரோனிமோ. சிரிகாவாவின் பெடொன்கோஹே பிரிவைச் சேர்ந்தவர். இயற்பெயர் கோயாக்ளே, 'கொட்டாவி விடுபவன்' என்று பொருள் சொல்வார்கள். ஜெரோனிமோ என்பதும் ஸ்பானியப் பெயர், அதுவும் எதிராளி வாயிலிருந்து வந்ததுதான். பலரும் நினைப்பதுபோல் அவர் தலைவர் இல்லை, மருத்துவமும் மந்திரமும் தெரிந்த போர்வீரர். மெக்சிகோ படையினர் அவருடைய தாயையும் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ஒரே தாக்குதலில் கொன்ற பிறகுதான் அவர் வாழ்க்கை போர் வாழ்க்கையாக மாறியது. 1886இல் அவரோடு இருந்தவர்கள் பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 40 பேர், துரத்தியது அமெரிக்கப் படை 5,000 பேர். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் கேன்யன் என்ற இடத்தில் ஜெனரல் நெல்சன் மைல்ஸிடம் சரணடைந்தார். ஊருக்குத் திரும்பலாம் என்று எதிர்பார்த்துச் சரணடைந்தவர், திரும்பவே இல்லை. 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்தில் குதிரையில் வர வைத்தார்கள், கூட்டம் கை தட்டியது, அப்போதும் அவர் சட்டப்படி போர்க்கைதி. 1909இல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் முகாமில் கைதியாகவே இறந்தார். இதைவிடக் கொடுமை என்னவென்றால், அவரைத் தேடிப் பிடிக்க அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டிய அப்பாச்சி வேவுக்காரர்களையும் அதே ரயிலில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். சிரிகாவா மக்கள் மொத்தமாகப் போர்க்கைதிகளாக இருந்தது 1913 வரை, 27 வருடம்.

அந்தச் சண்டைகளின் செய்தி ஐரோப்பியப் பத்திரிகைகளில் பரபரப்பாக ஓடியது. அதன் விளைவு ஒன்று கொஞ்சம் விசித்திரமானது. 1900 வாக்கில் பாரிஸ் நகரத்துத் தெரு ரவுடிகளுக்குப் பத்திரிகைக்காரர்கள் 'அபாஷ்' என்று பெயர் வைத்தார்கள். பெல்வில் போன்ற தொழிலாளர் பேட்டைகளில் தொப்பியும் கழுத்துத் துணியுமாகத் திரிந்த இளவட்டங்கள். 1902இல் அமேலி எலி என்ற பெண்ணுக்காக இரண்டு கும்பல் தலைவர்கள் பட்டப்பகலில் மோதிக்கொண்ட வழக்கு இந்தப் பெயரை ஊரறிய வைத்தது. அந்த ரவுடிகள் பெயரில் ஒரு கைத்துப்பாக்கியே உண்டு, பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லூயி டோல்ன் வடிவமைத்தது. மடக்கினால் விரல்களில் மாட்டிக் குத்தும் இரும்பு, விரித்தால் ஒரு சின்னக் கத்தி, கூடவே ஆறு குண்டு போடும் உருளை. குழல் கிடையாது என்பதால் கை எட்டும் தூரத்தைத் தாண்டினால் குறி வைத்துப் பிரயோஜனம் இல்லை. மூன்று வேலை செய்யும், மூன்றையும் சுமாராகச் செய்யும் சாமான். அப்புறம் அபாஷ் நடனம் என்று ஒன்று, ரவுடியும் அவன் காதலியும் அடித்துப் புரண்டு சண்டை போடுவது போல. அதை 1908இல் மேடையேற்றி மேல்தட்டு ஆட்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு அப்பாச்சியைக் கூடப் பார்க்காத ஊரில் அந்தப் பெயர் ஃபேஷன் ஆகிவிட்டது.

ஹெலிகாப்டருக்கு வருவோம். அமெரிக்கத் தரைப்படை தன் ஹெலிகாப்டர்களுக்குப் பூர்வகுடிப் பெயர்கள் வைப்பது தற்செயல் இல்லை. ஆரம்பத்தில் ஹோவர்ஃப்ளை, டிராகன்ஃப்ளை என்று பூச்சிப் பெயர்கள் இருந்தன, ஹாமில்டன் ஹவ்ஸ் என்ற அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, வேகமும் வீரமும் தெரிகிற பெயர் வேண்டும் என்றார். 1969இல் அதை விதியாகவே எழுதினார்கள். விதி பிற்பாடு போய்விட்டது, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. சினூக், கயோவா, லகோட்டா, பிளாக் ஹாக் எல்லாம் அந்த வரிசைதான். எந்த ராணுவம் அவர்களைத் துரத்தியதோ அதே ராணுவம் அவர்கள் பெயரைத் தன் ஆயுதத்துக்கு வைத்துக்கொள்கிறது. இதைக் கௌரவம் என்று எடுத்துக்கொள்கிற பூர்வகுடியினர் உண்டு, அவர்களிலேயே ராணுவத்தில் சேவை செய்தவர்கள் ஏராளம். கசப்போடு பார்க்கிறவர்களும் உண்டு. 2011இல் ஒசாமா பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் 'ஜெரோனிமோ' என்று சங்கேதப் பெயர் பயன்பட்டது தெரிய வந்தபோது, ஃபோர்ட் சில் அப்பாச்சி மக்களின் தலைவர் ஒபாமாவுக்கே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்.

இயந்திரமாகப் பார்த்தால் ஏ.எச்-64 அப்பாச்சி அசாத்தியமான பொருள். ஹ்யூஸ் நிறுவனம் வடிவமைத்து 1975 செப்டம்பரில் முதலில் பறந்தது, பிறகு மெக்டானல் டக்ளஸ் வாங்கி, 1997இல் போயிங் கைக்குப் போனது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள், ஆயுதம் இயக்குபவர் முன்னால், ஓட்டுபவர் பின்னால் கொஞ்சம் உயரத்தில். மூக்குக்கு அடியில் 30 மில்லிமீட்டர் பீரங்கி. அது ஹெல்மெட்டோடு இணைக்கப்பட்டது, தலையை இடது பக்கம் திருப்பினால் பீரங்கியும் இடது பக்கம் திரும்பும். வலது கண்ணுக்கு முன்னால் ஒரு குட்டிக் கண்ணாடியில் இயந்திரம் காட்டும் படம், இடது கண்ணால் வெளியே நிஜ உலகம், இரண்டையும் ஒரே நேரத்தில் மூளை வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். 1991 வளைகுடாப் போரின் முதல் தாக்குதலே அப்பாச்சிகள் ஈராக்கின் ரேடார் நிலையங்களை அடித்ததுதான். இந்திய விமானப்படைக்கு 22 வாங்கப்பட்டன, அவற்றில் முதல் எட்டு 2019 செப்டம்பர் 3 அன்று பதான்கோட்டில் சேர்க்கப்பட்டன. தரைப்படைக்கான 6இல் முதல் மூன்று 2025 ஜூலையில் வந்தன. இதன் உடல்கூடு ஐதராபாத்தில் டாட்டாவும் போயிங்கும் கூட்டாக நடத்தும் ஆலையில் செய்யப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பைக் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் தயாரிப்பு, 2006இல் 150 சிசியில் தொடங்கியது. அடுத்த வருடம் வந்த ஆர்.டி.ஆர். 160தான் பெயரை நிலைநாட்டியது. ஆர்.டி.ஆர். என்றால் ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ். 2011இல் ஆர்.டி.ஆர். 180இல் ஏ.பி.எஸ். பிரேக் கொடுத்தார்கள், இந்திய நிறுவன பைக்குகளில் அப்போது அது புதுசு. 2017 டிசம்பரில் வந்த ஆர்.ஆர். 310இன் எஞ்சின் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் பைக்கில் இருப்பதுதான், இரண்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கியது. அதில் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று முன்னால் உள்ளே போய்ப் புகை பின்னால் வெளியே வரும், வழக்கமான பைக்குக்கு நேர் எதிர். மற்றபடி வேகமான வண்டிக்கு முரட்டுப் பெயர், அவ்வளவுதான். இதே காரணத்துக்காக 1950களில் பைப்பர் நிறுவனம் இரட்டை எஞ்சின் குட்டி விமானம் ஒன்றுக்கும், செவ்ரலே ஒரு பிக்கப் வண்டிக்கும் இதே பெயரை வைத்தன.

இனி என் பிழைப்பான சர்வர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் என்பவர் எழுதிய வெப் சர்வர் மென்பொருளைத்தான் 1994இல் பலரும் ஓட்டினார்கள். அவர் வேலையை விட்டுப் போனதும் அதைக் கவனிக்க ஆள் இல்லை. ஆளாளுக்குத் தங்கள் சர்வரில் கண்ட ஓட்டையைத் தாங்களே ஒட்டுப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். 1995இல் பிரையன் பெலன்டார்ஃபும் இன்னும் சிலரும் அந்த ஒட்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, ஏப்ரலில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒட்டுப் போட்டதை 'பேச்சி' என்பார்கள் இல்லையா, 'எ பேச்சி சர்வர்' என்று வேகமாகச் சொன்னால் அப்பாச்சி சர்வர். இந்தச் சிலேடையை அவர்களுடைய பழைய கேள்வி பதில் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். பிற்பாடு, இல்லை, அப்பாச்சி மக்கள் மேல் உள்ள மரியாதையால் வைத்தது என்றார்கள். பெலன்டார்ஃபே ஒரு ஆவணப்படத்தில், ஜெரோனிமோவைப் பற்றி ஏதோ பார்த்திருந்தேன், கடைசி வரை மண்ணை விட்டுக்கொடுக்காதவர்கள் என்பது பிடித்திருந்தது என்று சொல்கிறார். என் கணிப்பு, பெயர் முதலில் வந்தது, சிலேடை பிறகு தானாக வந்து உட்கார்ந்தது. ஒரே வருடத்தில், 1996 ஏப்ரலில், உலகில் அதிகம் ஓடும் வெப் சர்வர் அதுதான் என்றானது, அதன் பிறகு நீண்ட காலம் அந்த இடத்தை விடவில்லை.

இங்கேதான் என் தொழிலில் குழப்பம் ஆரம்பிக்கிறது. 1999இல் அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு உருவானது. அதன் குடைக்குள் இன்று நூற்றுக்கணக்கான திட்டங்கள்: டாம்கேட், ஹடூப், காஃப்கா, ஸ்பார்க், கஸாண்ட்ரா, இன்னும் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாச்சி என்ற இனிஷியல் உண்டு. சர்வரை மட்டும் குறிக்க வேண்டும் என்றால் 'எச்.டி.டி.பி.டி.' என்று சொல்வதுதான் துல்லியம். ஆனால் லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் 'அப்பாச்சி2', ரெட் ஹேட் வகையில் 'எச்.டி.டி.பி.டி.', இரண்டும் ஒரே மென்பொருள்தான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, செய்திகளில் 'அப்பாச்சி லாக்4ஜே' என்று முழுப் பெயரோடு வந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி ஒருவர் நடுராத்திரி போன் செய்து, "அப்பாச்சியில ஓட்டையாம், உடனே எல்லா அப்பாச்சியையும் நிறுத்துங்க" என்றார். வெப் சர்வர் சி மொழியில் எழுதியது, அதற்கும் இந்த ஜாவா நூலகத்துக்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எல்லா வெப் சர்வரையும் நிறுத்தினோம், சைட் படுத்தது, உண்மையிலேயே ஓட்டை இருந்த ஜாவா நிரல் மட்டும் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாச்சி லைசன்ஸ், அதாவது மென்பொருளை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று அந்த அமைப்பு எழுதிய அனுமதிப் பத்திரம், இன்னொரு குழி. 2004 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பைத்தான் இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கூடக் கொள், பழைய உரிமைக் குறிப்புகளை மட்டும் அழிக்காதே என்பது சாரம். கூடவே காப்புரிமைக்கும் அனுமதி தருகிறது, ஆனால் அந்த மென்பொருள் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் உங்களுக்குத் தந்த காப்புரிமை அனுமதி ரத்து. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி, குபெர்னெட்டிஸ் எல்லாம் இந்த லைசன்ஸில் வருகின்றன. அதற்காக அவை அப்பாச்சி அமைப்பின் சொத்து இல்லை. லைசன்ஸ் என்பது அச்சடித்த வாடகை ஒப்பந்தப் படிவம் மாதிரி, படிவம் யார் அச்சடித்தது என்பதற்கும் வீடு யாருடையது என்பதற்கும் தொடர்பு கிடையாது.

பெயர் விவகாரம் இங்கேயும் வந்தது. 2023 தொடக்கத்தில் நேட்டிவ்ஸ் இன் டெக் என்ற பூர்வகுடித் தொழில்நுட்பக்காரர்களின் அமைப்பு, எங்கள் பெயரை விடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. அழிந்துபோன வீர இனம் போல ஏன் பேசுகிறீர்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அப்பாச்சி அமைப்பு தன் மாநாட்டின் பெயரை அந்த வருடமே மாற்றியது, 2025இல் பழைய இறகுச் சின்னத்தையும் விட்டுவிட்டு ஓக் இலைக்குப் போனது. சட்டப்படியான பெயரும் சர்வரின் பெயரும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பெயரில்லாமல் சர்வரை முதல் தடவை கிளப்பினால் ஒரு எச்சரிக்கை வரி வரும், இந்தச் சர்வரின் முழுப் பெயரை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பாட்டுப் பிரியர்களுக்கு வேறு இரண்டு அப்பாச்சி. 1960இல் இங்கிலாந்தின் தி ஷேடோஸ் குழு வாசித்த 'அப்பாச்சி' என்ற கிட்டார் இசை. ஜெர்ரி லார்டன் அமைத்தது, 1954இல் வந்த அதே பெயர் ஹாலிவுட் படத்தின் பாதிப்பில். 1973இல் இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட் அதைக் கொட்டும் பறையுமாக மறுபடி வாசித்தது, நியூயார்க்கின் பிராங்க்ஸில் டி.ஜே. கூல் ஹெர்க் அந்தத் தாளப் பகுதியை மட்டும் இரண்டு இசைத்தட்டில் மாற்றி மாற்றி ஓட்டினார், ஹிப் ஹாப் உலகம் அதைத் தன் தேசிய கீதம் என்றே சொல்கிறது. இன்னொருவர் அப்பாச்சி இந்தியன், பர்மிங்காமில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்டீவன் கபூர். நம்மவர்களுக்கு 1996 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'நோ ப்ராப்ளம்' பாடியவர் என்றால் சட்டென்று தெரியும். அவர் பெயரைப் பார்த்து அமெரிக்கப் பூர்வகுடி என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அவருக்குப் பிடித்த ஜமைக்கா பாடகர் சூப்பர் கேட், 'வைல்ட் அப்பாச்சி' என்று பட்டம் போட்டுக்கொண்டவர், அதிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு, தான் இந்தியர் என்பதால் மீதியைச் சேர்த்துக்கொண்டார்.

அரிசோனாவில் அப்பாச்சி கவுண்டி என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. அங்கே பெரும்பான்மை நவஹோ மக்கள், ஜூனிக்காரர்கள் அந்தச் சொல்லால் முதலில் சுட்டியதும் அவர்களைத்தானே, அதனால் யோசித்தால் அது தப்பும் இல்லை. அங்குள்ள மலை ஓடைகளில் மஞ்சள் நிறத்தில் அப்பாச்சி ட்ரவுட் என்ற மீன் உண்டு. அழியும் நிலைக்குப் போனபோது வெள்ளை மலை அப்பாச்சி மக்கள் தங்கள் நிலத்து ஓடைகளில் மீன்பிடிப்பை நிறுத்தி அதைக் காப்பாற்றினார்கள், 2024இல் அதை ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

உச்சரிப்பையும் கேட்டிருந்தீர்கள். ஸ்பானியருக்கு அபாச்சே, ஆங்கிலத்தில் அபேச்சி, பிரெஞ்சில் அபாஷ், பாரிஸ் நடனத்தைச் சொல்லும்போது ஆங்கிலேயரும் அபாஷ் என்றுதான் சொல்வார்கள். சர்வர் சிலேடை ஆங்கில உச்சரிப்பில் மட்டும்தான் வேலை செய்யும். நாம் சொல்கிறபடி சொன்னால் பைக்கும் பாட்டியும்தான் ஒன்றாகக் கேட்கும்.